ஆட்டுப்பட்டிக்குக் கம்பிவலைக் கூரை கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
ஆடு வளர்க்கும் குடும்பத்தினர்,
ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் உள்ள சிற்றூர், லடாக்.

பெறுநர்:
வனவிலங்கு அலுவலர் அவர்கள்.

பொருள்: பட்டிக்குக் கம்பிவலை வேண்டுதல் தொடர்பாக.
பார்வை: எங்கள் முந்தைய இரண்டு மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தாங்கள் அறியாததல்ல. பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்புக்குக் கேமரா வைக்க வந்தபோது எங்கள் வீட்டில்தான் வெண்ணெய்த் தேநீர் குடித்தீர்கள். ஓடையோரப் பட்டியையும் பார்த்தீர்கள்.

1. பட்டிக்கு ஆளுயரக் கல்சுவர் உண்டு. கூரை நடுவே காற்றுக்காக விட்ட திறப்புக்கு வலை இல்லை.

2. பிப்ரவரியில் ஓர் இரவு ஷான் அந்தத் திறப்பு வழியே உள்ளே குதித்தது. பனிச்சிறுத்தையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆடுகள் மிரண்டு சுற்றிச் சுற்றி ஓட, ஒவ்வொன்றாகக் குரல்வளையைக் கடித்திருக்கிறது. விடிந்து கதவைத் திறந்தால் 17 ஆடுகள் செத்துக் கிடந்தன. அதில் 9 சினை. தின்றதோ ஒரே ஆட்டில் ஒரு தொடை. அது மூலையில் மோவாயெல்லாம் ரத்தத்தோடு உட்கார்ந்து எங்களையே பார்த்தது. என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனாலும் ஒருவரும் கல்லைத் தொடவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றோம், அதுவாகப் போய்விட்டது. இதை எந்த அறிக்கையிலாவது எழுதினீர்களா ஐயா?

3. இழப்பீடு கேட்டால், கொன்றது ஓநாய் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். ஓநாய் கூரை வழியாகவா இறங்கும்?

4. நாட்டில் 718 பனிச்சிறுத்தைகள், லடாக்கில் மட்டும் 477 என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சந்தோஷம். எங்கள் பகுதியில் கேமராவையும் பேட்டரியையும் மேட்டுக்குச் சுமந்தது எங்கள் பிள்ளைகள். எங்கள் தாத்தாமார் பொறிக்குழி கட்டி இதே மிருகத்தைப் பிடித்தவர்கள். அந்தக் குழியை நாங்களே தூர்த்தோம். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கு ஷானைப் பார்க்க வருகிறவர்களால் வருமானம். கூடுதல் அறை இல்லாத எங்களுக்கு ஆடுதானே ஐயா எல்லாம்? கூட்டத்துக்குக் கூட்டம் மக்கள் பங்கேற்பு என்கிறீர்கள். இன்னும் எதைத்தான் நாங்கள் பங்காகக் கொடுக்க வேண்டும்?

5. வலை கொடுங்கள், வலை மட்டும். மரச்சட்டம், கல், கூலி எல்லாம் எங்கள் பொறுப்பு.

அடுத்த மாதம் ஆடுகள் மேய்ச்சல் மேட்டிலிருந்து இறங்கிவிடும். மீந்திருக்கிற 11 ஆடும் அதே பட்டியில்தான் படுக்க வேண்டும். அதற்குள் வலை வந்து சேரும்படி தயவுசெய்து உத்தரவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஆட்டுக்காரக் குடும்பத்தினர்