பழம் விற்கவா அழைத்தீர்கள்? ஜப்பானின் நகராட்சிக் கல்வி வாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம். உங்கள் நாட்டுப் பள்ளிகளில் நான்கு ஆண்டுகளாக உதவி மொழி ஆசிரியராக இருக்கிறேன். இந்த மடலின் ஜப்பானிய வடிவமும் உங்களுக்கு வரும். ஆனால் மனத்தில் உள்ளதை முதலில் தாய்மொழியில் எழுதினால்தான் எனக்குச் சரியாக வருகிறது. இங்கே கற்பிக்க வர நினைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

சென்ற பிப்ரவரியில் ஒரு நாள், நடுநிலைப்பள்ளி முதலாம் ஆண்டு வகுப்பு. ஆசிரியை கைகாட்டியதும் 'வெஜிடபிள்' என்று மூன்று முறை சொன்னேன். முப்பத்தைந்து பிள்ளைகள் மூன்று முறை திருப்பிச் சொன்னார்கள். அந்த ஐம்பது நிமிடத்தில் என் வேலை பெரும்பாலும் அதுதான். மணி அடித்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் வந்து, "சென்செய் (ஆசிரியரே), அடுத்த வருடமும் இருப்பீர்களா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்ற தாள் அன்றுவரை வந்திருக்கவில்லை.

அயல்நாட்டு ஆசிரியரைக் குறுகிய காலத்துக்கு வைத்துக்கொள்வது உங்கள் நாட்டில் புதிய வழக்கமில்லை என்பதை அறிவேன். உலகெங்கும் அறிவைத் தேடுவோம் என்று 1868இல் மெய்ஜி பேரரசரின் புதிய அரசு உறுதிமொழி எடுத்தது. அதன்பின் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஒசாகா நாணயச்சாலையை நடத்திய பிரிட்டிஷ்காரர் தாமஸ் கிண்டருக்கு மாதம் 1,045 யென். நாட்டின் தலைமை அமைச்சர் சஞ்சோ சனெதோமிக்கே 800 யென்தான். அவ்வளவு கொடுத்து அழைத்த அரசு, அவர்களைச் சீக்கிரம் திருப்பி அனுப்பவும் திட்டமிட்டிருந்தது. அதில் எனக்குக் குறையே தோன்றவில்லை. எதற்காக அழைக்கிறோம் என்று அன்றைய அரசுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஹென்றி டையரையே பாருங்கள். 1873இல் தோக்கியோ வந்தபோது வயது 24. பொறியியல் கல்லூரிக்கான பாடத்திட்டத்தைக் கப்பலிலேயே எழுதிக்கொண்டு வந்தார்; அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆறு ஆண்டுப் படிப்பு: இரண்டு ஆண்டு பொதுப்பாடம், இரண்டு ஆண்டு துறைப்பாடம், கடைசி இரண்டு ஆண்டு முழுக்கப் பணியிடத்தில். அங்கே படித்த தனாபே சகுரோ, பிவா ஏரியிலிருந்து கியோத்தோவுக்கு நீர் கொண்டுவரும் கால்வாயைத் தன் பட்டப்படிப்பு ஆய்வாக எடுத்துக்கொண்டார். வலக்கையில் காயம்பட, இடக்கையால் வரைந்து முடித்தார். 1883இல் பட்டம் பெற்றார். 1890இல் கால்வாயில் தண்ணீர் ஓடியது, அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவர்கூட இல்லாமல். டையர் அதற்குள் ஸ்காட்லாந்து திரும்பிவிட்டிருந்தார். இருபத்து நான்கு வயதுக்காரரை நம்பிப் பாடத்திட்டத்தையே அவர் கையில் கொடுத்தார்களே, அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. கால் நூற்றாண்டு மருத்துவம் கற்பித்த ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ், 1901இல் தமக்கு எடுத்த விழாவிலேயே மனக்குறையைச் சொன்னார். அறிவியலை எங்கும் தூக்கிச்சென்று ஓட்டக்கூடிய இயந்திரம் என்று நினைத்துவிட்டீர்கள், அது தனக்குரிய காற்றில் வளரும் உயிர் என்றார். மரம் வளர்க்க வந்த ஆசிரியர்களைப் பழம் விற்பவர்களாக நடத்திவிட்டீர்கள் என்றார்.

இரண்டே ஆண்டில் லஃப்காடியோ ஹெர்னின் முறை வந்தது. எழுத்தாளர், ஆங்கில இலக்கிய ஆசிரியர்; ஜப்பானியக் குடியுரிமை பெற்று கொய்சுமி யாகுமோ ஆகிவிட்டவர். தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகம் 1903இல் ஒரு கடிதம் அனுப்பி அவரை விலக்கியது. மாணவர்கள் எதிர்த்தும் பயனில்லை. அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் லண்டனில் படித்துத் திரும்பிய, பின்னாளில் பெரிய நாவலாசிரியரான நட்சுமே சொசெகி. சொந்த நாட்டவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது நியாயம்தான். அனுப்பிய விதம்தான் மனத்தை உறுத்துகிறது.

1987இல், அயல்நாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜெட் திட்டம் தொடங்கிய பிறகு எத்தனையோ நாட்டு இளைஞர்கள் உங்கள் வகுப்பறைகளுக்கு வந்துவிட்டார்கள். பல வாரியங்கள் இப்போது இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகவும் ஆளெடுக்கின்றன. மெய்ஜி காலத்துச் சம்பளத்தை நாங்கள் கேட்கவில்லை. குறுகிய கால ஒப்பந்தம் மட்டும் அப்படியே நிற்கிறது. டையருக்குக் கிடைத்த பொறுப்பைக் காணவில்லை.

பாடம் திட்டமிடும் மேசையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். ஒரு வகுப்பு நடுநிலைப்பள்ளியில் நுழைந்து வெளியேறும் மூன்று ஆண்டுகளும் அதே ஆசிரியர் கூட இருக்கும்படி ஒப்பந்தம் எழுதுங்கள். புதுப்பிக்கப் போவதில்லையென்றால் டிசம்பரிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து வருபவருக்கு எழுதிவைக்க எங்களிடம் நிறைய இருக்கிறது: எந்தப் பிள்ளை வாய் திறக்கத் தயங்குகிறாள், எவன் பேஸ்பால் பற்றிக் கேட்டால் மட்டும் நான்கு வாக்கியம் பேசுவான் என்று.

அந்தப் பையனுக்கு மார்ச் கடைசி வாரத்தில்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அப்போது பள்ளி விடுமுறை. அவன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தான். இருப்பேன் என்றேன். அடுத்த பிப்ரவரியிலும் கேட்பான்.

அன்புடன்,
உங்கள் பள்ளிகளில் பணிபுரியும் ஓர் உதவி மொழி ஆசிரியர்