பெட்டியைத் திறக்கச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள ஐயாவுக்கும், மாடி வீட்டு அக்காவுக்கும், நுண்ணுயிரியல் படிக்கும் தங்கைக்கும், அந்த இரண்டு நாட்களில் என் வீட்டுக் கதவைத் தட்டிய எல்லோருக்கும்,

வணக்கம். மின்சாரம் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. நேரில் பார்த்தபோதெல்லாம் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும் மனம் ஆறவில்லை. மீன் வளர்க்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு விளக்குகள் அணைந்தன. 200 லிட்டர் தொட்டி, தெளிந்த தண்ணீர், அமைதியாக நீந்தும் மீன்கள். காலையில் மின்சாரம் வந்துவிடும் என்று நம்பிப் படுத்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது டெட்ரா மீன்கள் அத்தனையும் நீர்மட்டத்தில் வரிசைகட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஐயா, அந்த வேளையில் தொலைபேசியை எடுத்தீர்களே, அதற்கே முதல் நன்றி. நான் மீன்களைப் பற்றிப் பதறிக்கொண்டிருக்க, நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஃபில்டர் மூடியபடியேவா இருக்கிறது?" ஆமாம் என்றேன். தொட்டித் தண்ணீரை மோட்டாரால் இழுத்து, பஞ்சும் பீங்கான் வளையங்களும் வழியே சுத்தம் செய்யும், கொக்கி போட்டு மூடிய பெட்டி அது. "முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்." ப்ளக்கை ஏன் பிடுங்க வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கியதும் விளங்கிவிட்டது. அடித்தட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. கொழகொழப்பான பழுப்புத் தண்ணீர். நான் தூங்கும்போதே மின்சாரம் வந்திருந்தால், மோட்டார் அந்தத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் மீன்கள் மேல் கொட்டியிருக்கும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு நஞ்சு.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நீங்கள் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. பெட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டச் சொன்னீர்கள். பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் காட்டக் கூடாது, அதிலுள்ள குளோரின் மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும் என்றீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியா நஞ்சு; அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்தப் பாக்டீரியாதான். தொட்டியிலிருந்தே ஒரு வாளி மொண்டு, அதில் மெல்ல அலசினேன். "பிழியாதீர்கள், முக்கி எடுத்தால் போதும்" என்று நீங்கள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. வளையங்களை வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டித் தொங்கவிட்டேன்.

அக்கா, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பை உங்கள் தொட்டியிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உங்கள் தொட்டிக்கு நீங்களே குவளையால் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினீர்கள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அந்தப் பம்ப்பின் காற்றுக்கல்லை வலைப்பைக்கு நேர் கீழே வைத்தோம். குமிழிகள் வளையங்களுக்கு இடையே ஏறி வருவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தங்கை, நீ செய்த உதவி வேறு வகை. பயத்தில் இருந்தவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். என் பெட்டிக்குள் நின்றது ஐந்து லிட்டர். ஆக, 40 மில்லிகிராம்கூட இல்லை. அம்மோனியாவிலுள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். அது போக, அடியில் தங்கிய கழிவை மக்கவைக்கும் வேறு பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். மூடிய பெட்டிக்குள் அது எத்தனை நேரம் தாங்கும் என்று நீ கேட்டாய். என்னிடம் பதில் இல்லை.

நம்பிக்கையும் நீதான் கொடுத்தாய். ஆக்சிஜன் தீர்ந்த உடனே அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை, வேலையை நிறுத்தி ஒடுங்கிக் கிடக்கும், காற்றுப் பட்டால் மீண்டெழும் என்றாய். அவை தண்ணீரில் மிதப்பவை அல்ல, வளையங்களின் மேல் வழுவழுப்பான படலமாக ஒட்டியிருப்பவை என்பதால்தான் அந்தப் படலத்தை ஈரமாகவும் காற்றோட்டமாகவும் வைத்தால் போதும் என்று புரிந்தது. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்க ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு கூட்டம் என்றே நான் படித்திருந்தேன். இரண்டு வேலையையும் தனி ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளை 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள் என்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீ சொன்னபோது, அந்தப் பழுப்புப் படலத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மின்சாரம் வந்தது நாற்பது மணி நேரத்துக்குப் பிறகு. இரண்டு டெட்ராக்களை இழந்தேன். அந்த வருத்தம் இருக்கிறது. மற்றவை பிழைத்தன. பெட்டியை நன்றாகக் கழுவி, வளையங்களைத் திரும்ப அடுக்கி ஓடவிட்டேன். ஐயா எச்சரித்தபடியே மூன்றாம் நாள் அம்மோனியா லிட்டருக்கு 0.25 மில்லிகிராம், நைட்ரைட் 0.5 என்று சோதனைக் குழாய்கள் நிறம் காட்டின. தினமும் கால் பங்கு தண்ணீரைக் குளோரின் நீக்கி மாற்றினேன். இரண்டு நாள் தீனியே போடவில்லை. பிறகும் சிட்டிகை அளவுதான். பசியோடு கண்ணாடிக்கு அருகே வந்து நிற்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது கடினமான காரியம். ஆனால் தின்ற தீனிதானே அம்மோனியாவாக வெளியே வருகிறது?

நான்காம் நாள் ஐயா, உங்கள் தொட்டியில் ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்த பஞ்சில் பாதியை வெட்டி, ஈரம் காயாமல் மூடிபோட்ட டப்பாவில், பாதிக்கு மேல் காற்றுக்கு இடம்விட்டுக் கொடுத்தனுப்பினீர்கள். இந்தப் பாக்டீரியா மெல்லத்தான் பெருகும் என்று தெரிந்தவர், தன் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். ஒன்பதாம் நாள் அம்மோனியாக் குழாயும் நைட்ரைட் குழாயும் பூஜ்யம் காட்டின. அக்காவும் நானும் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை சரிபார்த்தோம்.

அக்காவின் பம்ப்புக்குப் புதுப் பேட்டரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். தொட்டியின் மூலையில் புதிதாக மூன்று பஞ்சுகளை ஊறப் போட்டிருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் அவற்றிலும் பாக்டீரியா படிந்துவிடும். ஒன்று ஐயாவுக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று தங்கை தொட்டி வைக்கப்போகும் நாளுக்கு. எந்த நேரமானாலும் வந்து கேளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பக்கத்து வீட்டு மீன் வளர்ப்பவள்