விமானதளத்துக்குப் பக்கத்தில் வீடு: படிவத்தில் ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்குக் கிழக்கே திருச்சி சாலையை ஒட்டிச் சூலூர், காங்கேயம்பாளையம், கலங்கல் பக்கமெல்லாம் தோட்டங்கள் மனைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. அங்கேதான் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கிறது. 2018இல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கே வந்தன. 2020 மே மாதம் தேஜஸின் இரண்டாவது படைப்பிரிவும் அங்கேயே தொடங்கப்பட்டது. தளம் எங்கும் போகப்போவதில்லை, ஊர் வளர்வதும் நிற்கப்போவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று கட்டடம் எழும்பும் முன்பே கணக்குப் பார்க்கத் தோதான இடம் சுற்றுச்சூழல் அனுமதிதான். அங்கே இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்கு முன் அனுமதி வேண்டும். அதற்கான படிவம் 1இல், 15 கிலோமீட்டருக்குள் உள்ள முக்கிய இடங்களைக் கேட்கும் பட்டியலில் ஏழாவது இனம் பாதுகாப்புத் துறை நிலைகள். தளத்தின் பெயர், வான்வழித் தூரம் இரண்டையும் எழுதிவிட்டு எட்டாவது இனத்துக்குப் போய்விடுவதே வழக்கம். கழிவுநீர் சுத்திகரிப்பு, மரக்கன்று எண்ணிக்கை, மழைநீர்க் குழி என்று விண்ணப்பத்தை ஆராயும் மாநில மதிப்பீட்டுக் குழு துருவிக் கேட்கும். இந்த ஏழாவது வரிக்குத் துணைக்கேள்வி கிடையாது.

மக்கள் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அதே அறிவிக்கை குடியிருப்புக் கட்டுமானங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. ஆக, தளம் விரிவடைந்தாலும் சரி, தளத்தின் வேலியோரம் அடுக்குமாடி வந்தாலும் சரி, ஊர்க்காரர் மைக்கைப் பிடித்து ஒரு கேள்வி கேட்க இடமில்லை. பாதுகாப்பு ரகசியம் என்பது முதலாவதற்குக் காரணமாகலாம். இரண்டாவதற்கு என்ன காரணம்?

உயரத்தை எடுத்துக்கொள்வோம். விமான ஓடுதளத்தைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை பொதுவாக விமானதள மட்டத்திலிருந்து 45 மீட்டர்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் சரிவாகக் கூடிக்கொண்டே போகும். இறங்குபாதைக்கு நேர்கீழே இதைவிடக் கடுமை. இந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தள மட்டம் 380 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் வரம்பு 425. மனை சற்று மேட்டில், 395இல் இருந்தால் கைக்கு மிஞ்சுவது 30 மீட்டர்தான். அதிலும் லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, செல்போன் ஆன்டெனா எல்லாம் அடக்கம். மாடிக்கு 3 மீட்டர் என்று பத்து மாடிக்கு முன்பதிவு வாங்கியவர் எட்டோடு நிற்க வேண்டியிருக்கும். கட்டும்போது நிற்கும் டவர் கிரேன் கட்டடத்தையும் விட உயரம் என்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பீளமேடு விமான நிலையம் சூலூர்த் தளத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர்தான். இடைப்பட்ட ஊர்களுக்கு இரண்டு தளங்களின் உயரக் கட்டுப்பாடும் பொருந்தும். ஒன்றில் வாங்கிய தடையின்மைச் சான்று மற்றொன்றுக்குச் செல்லாது.

அடுத்தது இரைச்சல். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. இது சராசரிக் கணக்கு. ஒரு விமானம் 85 டெசிபலில் 20 விநாடி வீதம் இரண்டு முறை கடந்து போனால், காலை 6 முதல் இரவு 10 வரையிலான சராசரியில் அதன் பங்கு 53 டெசிபல்தான் வரும். தாளில் எல்லாம் சரி. ஆனால் அந்த 20 விநாடியும் வகுப்பில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு எழும். அளவெடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, அன்று பறப்பே இல்லை என்றால் இந்த 53கூட அறிக்கையில் வராது. அறிக்கையில் சராசரியோடு உச்ச அளவும் இருக்க வேண்டும், அளவெடுப்பும் பயிற்சிப் பறப்பு நடக்கும் நாளில் நடக்க வேண்டும். படுக்கையறை எந்தத் திசையில், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா, வென்டிலேட்டர் திறந்தபடியா என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை. குடிவந்தபின் மாற்றினால் செலவு பல மடங்கு.

மனை வாங்குவோரை அடிப்பது வேறொன்று. 1903ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பணிகள் சட்டப்படி, பாதுகாப்பு நிலையைச் சுற்றிக் கட்டடம் கட்ட முறையாக அறிவித்துத் தடை விதித்தால் நில உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு. 2011 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் சுற்றறிக்கை வழியாகவே அந்த நிலைகளின் வேலியிலிருந்து 100 மீட்டர் வரையும், நான்கு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 500 மீட்டர் வரையும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2016இல் பல நிலைகளுக்கு அது தளர்த்தப்பட்டது. சுற்றறிக்கையில் இழப்பீடு இல்லை. சட்டப்படி வந்ததோ சுற்றறிக்கையோ, எதுவும் வில்லங்கச் சான்றில் தெரியாது. குர்கானில் விமானப்படை வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 900 மீட்டர் தடைப் பகுதிக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பி, பிறகு நீதிமன்றம், இடிப்பு நோட்டீஸ் என்று இழுபட்டது இப்படித்தான்.

ரகசியம் வெளியாகிவிடும் என்ற வாதம் இங்கே நிற்காது. அமெரிக்க விமானப்படை 1970களிலிருந்தே தன் தளங்களைச் சுற்றிச் சராசரி இரைச்சல் 65 டெசிபலைத் தொடும் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, விபத்து அபாயப் பட்டை எவ்வளவு நீளம் என்று வரைபடமே வெளியிடுகிறது. எந்த விமானம் எப்போது பறக்கும் என்று அதில் இருக்காது. உள்ளூர் நிர்வாகம் எங்கே வீடு, எங்கே கிடங்கு என்று பிரிக்க அந்தக் கோடு போதும்.

இங்கேயும் அதையே கேட்கிறோம். தளம் தன் இரைச்சல் கோட்டையும் தடை எல்லையையும் சர்வே எண் வாரியாக நகர் ஊரமைப்புத் துறைக்குக் கொடுக்கட்டும். துறை அதை எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ஏற்றட்டும், பதிவுத்துறை வில்லங்கச் சான்றில் காட்டட்டும். ஏழாவது இனத்தில் பெயர் எழுதியவர் உயரம், இரைச்சல், குப்பை ஆகியவற்றுக்குத் தனி இணைப்புத் தர வேண்டும் என்று மாநில மதிப்பீட்டுக் குழு நிபந்தனை வைக்கட்டும். குப்பையைச் சேர்க்கக் காரணம் உண்டு: கொட்டிய இறைச்சிக் கழிவுக்குப் பருந்து வரும், பருந்து எஞ்சினுக்குள் போகும். விமானதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக் கூடாதென்று விமான விதிகளே சொல்கின்றன. 20,000 சதுர மீட்டரைத் தொடாமல் 19,000, 19,000 என்று பிரித்துக் கட்டுவோருக்கும் இந்த இணைப்பு பொருந்த வேண்டும். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வரை போகத் தேவையில்லை. திட்ட அனுமதி கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
நகரமைப்புத் துறையில் பணியாற்றிய வாசகர்,
கோயம்புத்தூர்