சாகலைங்கிறதும் பாதுகாப்புங்கிறதும் ஒண்ணு இல்லீங்க

மூலிகை எக்ஸ்ட்ராக்ட் பேப்பர் வெளியிடுற ஜர்னல் எடிட்டர்களுக்கு,

வணக்கம். நான் சில வருஷம் லேப்ல எலிப் பாதத்தை அளந்தே காலத்த ஓட்டினவன். பாதத்துல காராஜீனன், அதாவது வீக்கத்தைக் கிளப்புற ஒரு பொருளை, ஊசி போட்டா ஒரு மூணு மணி நேரத்துல நல்லா வீங்கும், எக்ஸ்ட்ராக்ட், அதாவது செடியில இருந்து பிரிச்செடுத்த சாரம், குடுத்த எலிக்கு வீக்கம் கம்மியா, வீக்கம் குறைக்கிற வழக்கமான மருந்தான இண்டோமெத்தசின் குடுத்ததுக்கு எவ்ளோன்னு பாத்து எழுதணும். 1962-ல வந்த முறை, இன்னிக்கும் ஓடுது, அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல.

தகராறு பேப்பரோட கடைசிப் பாராவுலதான். "கிலோவுக்கு 2000 மி.கி. வரை எந்த எலியும் சாகல, ஆகவே பாதுகாப்பானது"ன்னு எழுதுறாங்க, நீங்களும் போட்டுடுறீங்க. ஓஇசிடி 423-ங்கிற சர்வதேச நச்சுச் சோதனை வழிமுறைப்படி அது ஒரே ஒரு தடவை குடுத்துட்டு 14 நாள் பாக்குறது, அந்த டோஸ்ல ஆறே ஆறு எலி. மூட்டு வலிக்காரங்க ஒரு வேளையா மருந்து சாப்பிடுறாங்க? மாசக்கணக்கா சாப்பிடுவாங்க. 1990கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கக் குடுத்த மருந்துல ஒரு சீன மூலிகைக்குப் பதிலா அரிஸ்டோலோக்கியா, அதாவது நம்ம ஆடுதீண்டாப்பாளை இனம், மாறிப் போய் நூறு பேருக்கு மேல கிட்னி கெட்டுச்சு, அதுல சில பேருக்கு பின்னாடி மூத்திரப் பாதையில கேன்சரும் வந்துச்சு. இதெல்லாம் 14 நாள்ல தெரியுமா? 28 நாளோ 90 நாளோ தினமும் குடுத்து கிட்னி, லிவரை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாக்காதவங்களுக்கு "பாதுகாப்பானது"ங்கிற வார்த்தையை அனுமதிக்காதீங்க, செடி எதுன்னு உறுதி பண்ணின ஹெர்பேரியம் (காய வெச்ச செடி மாதிரிகளைச் சேத்து வைக்கிற இடம்) நம்பரும் கேளுங்க.

அப்புறம் அந்த கிலோவுக்கு 200, 400 மி.கி. கதை. எல்லா பேப்பர்லயும் அதே டோஸ், ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி! எலிக்கு 400-ன்னா, எலி டோஸை மனுஷ டோஸா மாத்துற 6.2-ஆல வகுத்து 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட், நூறு கிராம் இலையில பத்து கிராம்தான் கிடைச்சுதுன்னா அது 39 கிராம் காஞ்ச இலை, ஒரு வேளைக்கு. யாரு திங்கிறது?

வலி டெஸ்ட் பத்தியும் சொல்லிடுறேன். அசிட்டிக் ஆசிட் போட்ட சுண்டெலி வயித்தைச் சுருக்கி நெளியுறதை எண்ணுவோம், 55 டிகிரி ஹாட் பிளேட்ல எப்போ காலை நக்குதுன்னு பாப்போம். ஆனா தூக்கம் வர வைக்கிற எக்ஸ்ட்ராக்டுக்கும் இந்த நம்பர் எல்லாம் அழகாத்தான் வரும், வலி குறைஞ்சு இல்ல, அசைய முடியாம. ஒரு தடவை எங்க எக்ஸ்ட்ராக்டுக்கு ரிசல்ட் பிரமாதமா வந்துச்சு, எனக்கு என்னமோ உறுத்துச்சு, சுழலுற ரோட்டாராட் மேல, அதாவது விழாம நிக்குதான்னு பாக்குற உருளை மேல, சுண்டெலியை ஏத்தினேன், மூட்டை மாதிரி பொத்து பொத்துன்னு விழுந்துச்சுங்க. கைடுகிட்ட காட்டினா "அதை எழுத வேணாம்ப்பா"ன்னாரு. எந்த ரிவியூவரும் ரோட்டாராட் எங்கன்னு கேக்கல, பேப்பர் வந்துடுச்சு.

நீங்க கேட்டிருந்தா போதும், நோட்டுல அன்னிக்கே எழுதி வெச்சிருந்தேன். அந்த பேப்பர்ல என் பேரும் இருக்கு, அதனாலதான் கீழ பேர் போடல.