அப்பாவை ஸ்விண்டன் பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். அப்பா இங்கிலாந்து போய் நல்லபடியாக ஊர் திரும்பிவிட்டார். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆனால் உதவியவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அப்பா ஜோலார்பேட்டை நீராவி லோகோ ஷெட்டில் கலாசியாக, அதாவது எடுபிடி உதவியாளாகச் சேர்ந்து பாய்லர் ஃபிட்டர் ஆனவர். அப்போதெல்லாம் ஜோலார்பேட்டை வட ஆற்காடு மாவட்டம். இப்போது அப்பாவுக்கு வயது 81, வலது காது சுத்தமாகக் கேட்காது. அதற்குக் காரணம் அந்த வேலைதான். என்ஜின் ஆறியதும், கரி எரிகிற பெட்டியான ஃபயர்பாக்ஸுக்குள் புகுந்து, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல போல்ட் கணீரென்று பேசும். உடைந்தது தொம்மென்று அடங்கிவிடும். ஓர் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தட்டினால் காது என்ன ஆகும்? நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, அப்பா கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்று கோபித்துக்கொள்வோம்.

தங்கை சி.எம்.சி.யில் நர்சிங் படித்துவிட்டு இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அவள்தான் ஸ்விண்டன் என்ற ஊரில் பழைய ரயில் பட்டறையை மியூசியமாக வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வீடியோ அனுப்பினாள். அப்பா அதை நாலு தடவை பார்த்தார். அப்புறம், "இதை நான் நேர்ல பாக்கணும்மா" என்றார். தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத மனிதர். அவர் கேட்டுவிட்டார் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

விசா வேலையைக் கொடுத்த ஏஜென்ட், அப்பாவின் பிறந்த தேதியை ஆதாரில் ஒன்றாகவும் பென்ஷன் புத்தகத்தில் வேறாகவும் இருந்தபடியே விட்டுவிட்டார். பணம் போனது, இரண்டு மாதமும் போனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையைச் சாத்திவிட்டு, எங்கள் காகிதங்களை எல்லாம் முதலிலிருந்து சரி பார்த்தார். தம்பி, நீங்கள் வாங்கிக்கொண்டது பிரின்ட் எடுத்த காசு மட்டும்தான். அப்பாவின் பழைய சர்வீஸ் விவரங்களைத் தேடி எடுக்க என்னோடு மூன்று முறை ஜோலார்பேட்டைக்கு வந்த, அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த ஐயாவுக்கும் நன்றி. உங்கள் முட்டி வலியோடு அந்தப் படிகளை ஏறி இறங்கினீர்கள்.

எதிர்வீட்டு அக்கா, மூன்று வாரமும் அம்மாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. நீங்கள் போட்டுக் கொடுத்த முள்ளுக்கத்திரிக்காய் தொக்கு ஸ்விண்டன் வரை போனது. சென்னை விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளி வந்த பிள்ளை அப்பாவின் இடது காது பக்கமாகக் குனிந்து ஒவ்வொன்றையும் சொன்னாராம். அதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1843இல் திறந்த பட்டறை அது. உச்சத்தில் சுமார் 14,000 பேர் வேலை செய்தார்களாம். ஊரே அதன் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, அதன் சத்தத்துக்கு வீடு திரும்பியது. தொழிலாளர்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து 1847இல் ஒரு மருத்துவ நிதி தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவைக்கு அதை ஒரு முன்னோடி என்கிறார்கள். தங்கை வேலை செய்வதும் அந்தச் சேவையில்தான். இதை அவள் சொன்னபோது அப்பா அவள் தலையில் கை வைத்தாராம். 1986இல் பட்டறையை மூடினார்கள். 2000இல் அதே பழைய கட்டடம் ஒன்றில் மியூசியம் வந்தது.

பிரிட்டிஷ் ரயில்வேக்காகச் செய்த கடைசி நீராவி என்ஜின் 'ஈவினிங் ஸ்டார்', 1960இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. இதைக் கேட்டதும் அப்பா, "நம்ம சித்தரஞ்சன்ல 1970ல கடைசி பிராட்கேஜ் நீராவி என்ஜின் செஞ்சாங்க, அதுக்கு 'அந்திம் சித்தாரா'ன்னு பேர். அதுவும் கடைசி நட்சத்திரம்தான்" என்றார். அவர் வாழ்நாளெல்லாம் பழகிய டபிள்யூ.ஜி. வகை என்ஜின் அது.

அங்கே 1923இல் செய்த 'கேர்ஃபிலி காசில்' என்ற என்ஜின் நிற்கிறது. அதற்கு அடியில் குழிக்குள் இறங்கி நடந்து போய்ப் பார்க்கலாம். அப்பா வீல்சேரை நிறுத்தச் சொல்லி எழுந்துவிட்டார். தங்கை வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "உள்ள ரெண்டு சிலிண்டரா!" என்று சத்தமாகவே சொன்னாராம். நம் டபிள்யூ.ஜி.க்கு இரண்டு சிலிண்டரும் வெளியே. இதற்கு வெளியே இரண்டு, சட்டங்களுக்கு நடுவே இரண்டு. அந்த இடுக்கில் ஒரு ஃபிட்டர் எப்படிக் கையை விட்டு வேலை செய்திருப்பான், எந்தப் பக்கம் சாய்ந்து ஸ்பானரைப் பிடித்திருப்பான் என்று தன் கையை வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். அந்தப் பட்டறையிலேயே பாய்லர் வேலை செய்துவிட்டு, இப்போது மியூசியத்துக்குத் தொண்டராக வருகிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு வேலை சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும்தான் தெரியும். அப்பா "ஃபயர்பாக்ஸ், ஸ்டே" என்று சொல்லி, கைமுட்டியால் காற்றில் வரிசையாகத் தட்டிக் காட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். உடைந்த போல்ட்! பெரியவர் உடனே புரிந்துகொண்டு, தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையை விரித்தார். அப்பாவும் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்ததில் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தங்கைக்கு வேலையே இல்லை.

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இந்த மடலைத் தங்கை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். எங்கள் அப்பா என்ன வேலை செய்தார் என்பதை அவர் உங்களைச் சந்தித்த பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவர் காது ஏன் கேட்கவில்லை என்று எங்களுக்கு முன்பே தெரியும். அது பெருமைக்குரிய விஷயம் என்று தெரியாமல் போனது.

அந்த மியூசியத்தில் என்ஜின்களைவிட அப்பாவுக்குப் பிடித்தது, பட்டறையில் வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டுவதுதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். அப்படிப்பட்ட மண்ணில் கரி அள்ளியவனும் போல்ட் தட்டியவனும் பேசி யாரும் பதிவு செய்யவில்லையே என்று வந்ததிலிருந்து புலம்புகிறார். அதைக் கேட்டுவிட்டு, ஜோலார்பேட்டை ஐயாவின் பேரன் வாரம் ஒருநாள் வந்து, அப்பா பேசுவதை போனில் பதிவு செய்து தருகிறார். தம்பி, கல்லூரிப் பரீட்சைக்கு நடுவே வருகிறீர்கள், மறக்கமாட்டோம். இதுவரை ஆறு பதிவு முடிந்திருக்கிறது. தன்னோடு வேலை செய்தவர்களின் பெயர்களை எல்லாம் அப்பா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார், பட்டப்பெயரோடு.

ஷெட்டில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ யாராவது இருந்தால் வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அப்பா திண்ணையில்தான் இருப்பார். அவருக்கு இடப்பக்கமாக உட்காருங்கள்.

நன்றியுடன்,
மூத்த மகள், காட்பாடி