ஓடும்போது மயங்கும் பிள்ளைக்கு முதலில் ஈசிஜி எடுங்கள்

மதுரை மாவட்டத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் டாக்டர்களுக்கும் பி.டி. சார்களுக்கும், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் எழுதுவது.

என் மகள் மூன்றாம் வகுப்பில் ரிலே ஓடும்போது குப்புற விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள், ஒரு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். காட்டிய இடத்தில் வலிப்பு என்றார்கள். இரண்டு வருஷம் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தும் விழுந்தாள், அதுவும் ஓடும்போதோ திடுக்கிடும்போதோ மட்டும்தான். யாரும் ஒரு ஈசிஜி எடுக்கவில்லை.

அப்புறம் மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் எடுத்தார். தாளை மேசையில் விரித்து, பேனா முனையால் கட்டம் கட்டமாக எண்ணிக் காட்டினார். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். இதயம் துடித்து அடுத்ததற்குத் தயாராகிற நேரத்துக்கு க்யூடி என்று பெயர், அதைத் துடிப்பு வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இவளுக்கு 520 மில்லிசெகண்ட். மயங்கி விழுகிற பிள்ளைக்கு 460 தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். இதற்கு லாங் க்யூடி என்று பெயர், பிறவிக் கோளாறு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுக்கிறது, அந்த நேரம் பார்த்து ஓட்டமோ பயமோ குறுக்கிட்டால் தாளம் தப்பி வெறுமனே நடுங்குகிறது, மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் இழுக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பேதான்.

இதயத்தின் படபடப்பை அடக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுத்தும் நிற்காததால், இடப்பக்க நெஞ்சில் சின்னத் துளைகள் போட்டு, இதயத்தை உசுப்புகிற நரம்புச் சங்கிலியில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இடது கையை வியர்க்க வைப்பதும் அதே நரம்புச் சங்கிலிதான், அதனால் இப்போது சித்திரை வெயிலிலும் அவள் வலது உள்ளங்கைதான் வியர்க்கிறது, இடது கை காய்ந்தே இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. விழவில்லை.

நீச்சலும் இதைத் தூண்டிவிடும். அவள் தம்பிக்கும் ஈசிஜி எடுத்தோம், அவனுக்கும் இருந்தது. ஒரு நாளும் மயங்காதவன், தினமும் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தான்.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் சிலருக்கும் இது சேர்ந்தே வரும், 1957-லேயே நார்வே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் அந்த வகை வரும். அத்தை மகள், மாமன் மகன் என்று கட்டுகிற நம் ஊரில் அந்தப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி பாருங்கள்.

பி.டி. சார்களே, விழுந்த பிள்ளை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் சாவி தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்துங்கள். டாக்டர்களே, அடுத்த முறை வரும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்றைக் கேளுங்கள்: ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினாயா?