ஹோஸைக் கழற்றிவிட்டு அளந்து பார்

ஊட்டி,
ஜனவரி

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் மனசு லேசாயிற்று. இங்கே உறைபனி கடுமை. கேரட் தோட்டங்களில் வெயில் ஏறிய பிறகுதான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

சரி, எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை எப்படி செட் செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்ட என் பலேனோ கார் இரண்டு மாதமாகக் கறுப்புப் புகை தள்ளியது. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது, வளைவு தாண்டி அழுத்தினால் பின்னால் வருகிறவர் விளக்கைப் போட வேண்டிய நிலை. பிளக் நான்கிலும் கரி. ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் டியூனிங்கில்தான் கோளாறு என்று நினைத்து வீணாக அதையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

கோவையில் ரெகுலேட்டர் மாட்டிய மெக்கானிக், பெட்ரோல் பிரஷர் சரியாக 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இங்கே பிரஷர் கேஜ் மாட்டினால் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, 3.2 காட்டியது. கேஜ்தான் பழுது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மெனிஃபோல்டிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் சின்ன ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டுப் பார்த்தேன். 3.6! ஹோஸைக் கழற்றிவிட்டுத்தான் 3 வைக்க வேண்டும்; அவர் மாட்டியபடியே செட் செய்திருக்கிறார்.

கணக்கு இதுதான். ஐடிலிங்கில் மெனிஃபோல்டு உறிஞ்சும்போது ரெகுலேட்டர் அந்த அளவுக்குப் பிரஷரைக் குறைத்துக்கொள்ளும். கோவையில் அந்த உறிஞ்சல் சுமார் 0.6 பார். இங்கே 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 0.77 பார்தான் என்பதால், உறிஞ்சல் 0.4 அளவில் நின்றுவிடுகிறது. கோவையில் 3, ஊட்டியில் 3.2, இரண்டுமே உண்மை. ஹோஸ் இல்லாத அடிப்படை மட்டும் 3.6. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் விடும் அளவு, பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். 3-க்குப் பதில் 3.6 என்றால் ஏறத்தாழ 9.5 சதவீதம் கூடுதல். ஈசியூவோ 3 பார் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. புகை வராமல் என்ன செய்யும்?

ஹோஸ் கழற்றியபடியே ரெகுலேட்டர் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பி 3-க்குக் கொண்டுவந்தேன். நட்டை இறுக்கியதும் முள் லேசாக நகர்ந்தது, அதனால் மறுபடி ஒருமுறை. ஹோஸை மாட்டினால் ஐடிலிங்கில் 2.6. கழற்றிய ஹோஸை மோந்து பார்க்க மறக்காதே. பெட்ரோல் வாசனை அடித்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது, அந்த ரெகுலேட்டரை நம்பக் கூடாது.

மதுரையில் செட் செய்தால் கொடைக்கானல் ஏறும்போது மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் விசை மலை ஏறினால் மாறாது. மெனிஃபோல்டுக்கும் பெட்ரோல் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) இடையே அது காக்கிற 3 பார் வித்தியாசம் எங்கேயும் அதேதான். டர்போவிலிருந்து 1 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) வந்தால் ரெயிலில் 4 இருக்க வேண்டும். அதற்குக் கீழே விழுந்தால் ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் தொடாதே. ஃபில்டரையும் பம்புக்குப் போகும் வோல்டேஜையும் பார். பூஸ்டில் பெட்ரோல் பற்றாமல் போனால் பிஸ்டன் உருகிவிடும், எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரெயில் இணைப்பைக் கழற்றாதே, அணைத்த பிறகும் உள்ளே பிரஷர் நிற்கும். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.

நேற்று பர்லியாறிலிருந்து ஒரே மூச்சில் ஏறினேன். கண்ணாடியில் புகை இல்லை. நீ 3 வைத்ததும் ஹோஸ் மாட்டி ஐடிலிங்கில் என்ன காட்டுகிறது என்று எழுது. மதுரையில் 2.4 பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ரவி